தம்பிக்கு இன்னொரு வீடு

சோஃபாக்காரர் நல்லவர்தான். வேலை சுத்தம். சொன்ன நாளில் சோஃபாவைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிடுவார். ஆனால் பொறாமைக்காரர். அதை அவர் மறைத்ததுமில்லை, மறைக்கத் தெரிந்ததுமில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேறு கடையில் குஷன் மாற்றிவிட்டார் என்று தெரிந்தால், அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தையல் கோணல்" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்.

ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர் அவர். சட்டை, அண்ணன்மார் போட்டுக் கழித்தது. பாயில் பாதி கடைக்குட்டிக்கு. அம்மா அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மற்றவர்கள் பெயரையெல்லாம் சொல்லித் தடுக்கிவிட்டு, கடைசியில்தான் அவர் பெயருக்கு வந்து சேருவாள். வளர்ந்து, தொழில் கற்று, கடை வைத்து, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. மகள் தன் மாமனாரை "அப்பா" என்று கூப்பிடுவது ஒருநாள் போனில் காதில் விழுந்தது. அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"மாமனாரை வேற எப்படிங்க கூப்பிடுவா? யோவ்னா?" என்றாள் மனைவி.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது. பழுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். மழைக்கு ஒதுங்கிய நாய், கடை மூலையில் குவிந்திருந்த ஃபோம் துண்டுகளுக்குள் புகுந்து சுருண்டது. மழை விட்ட பிறகும் போகவில்லை. மதிய உணவில் ஒரு பங்கைக் காகிதத்தில் வைத்தார். தின்றுவிட்டு அவர் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கியது. வந்த வாடிக்கையாளர் குனிந்து தடவப்போக, உறுமியது. சோஃபாக்காரருக்கு உள்ளே என்னவோ குளிர்ந்தது. யாரும் போட்டுக் கழித்ததல்ல, யாரோடும் பாதியல்ல. தனக்கென்றே வந்தது.

தம்பி என்று பெயர் வைத்தார்.

வாடகை வீட்டில் நாய் கூடாது. அதனால் மாலையில் ஷட்டரை இறக்கியதும் பக்கத்துச் சந்தில் கூரைக்கடியில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு, தண்ணீர் வைத்து, "கடையைப் பாத்துக்கடா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். நாயும் சமர்த்தாகப் படுத்துக்கொண்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருக்கும். காலையில் அவர் வரும்போது பெரும்பாலும் இருக்காது. வேலை சூடுபிடித்த பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வரும். "ராத்திரி பூரா காவல் காத்தவன், கொஞ்சம் காலாற நடந்துட்டு வர வேணாமா?" என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவார்.

அந்தப் பெருமையில் சில வருடங்கள் ஓடின.

ஒருநாள் மதியம், நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த தேங்காய் நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பின்தொடையில் விரல் எதிலோ இடறியது. மெத்தைக்கு வைத்துத் தைக்கும் பொத்தான் அளவுக்கு ஒரு கட்டி. மேலே ரோமம் கொட்டி, தோல் சிவந்து பளபளத்தது. பூச்சி கடித்திருக்கும் என்று விட்டார். அடுத்த வாரம் அது பருத்திருந்தது. அதற்கடுத்த வாரம் சுருங்கியிருந்தது. சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்தபோது மறுபடியும் வீங்கியது.

"டாக்டர்கிட்ட காட்டுங்க, சும்மா அதையே அமுக்கிப் பாத்துட்டு இருக்காதீங்க" என்றாள் மனைவி. பிறகு, "என் முழங்கால் வலிக்கு மட்டும் மருந்துக்கடைக்காரர்தான் டாக்டர்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளே சோஃபா ஏற்றும் வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா நடுத்தர வயது, நறுக்கென்று பேசுகிறவர். கதவு திறந்ததுமே அவர் முகம் மலர்ந்தது. சோஃபாக்காரரைப் பார்த்தல்ல.

"அட, கிளட்ச்! வாடா வா. மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறானா? மாஸ்டர் வரலையா?"

நாய் வாலை அடித்துக்கொண்டு அவர் கையை நக்கியது. அந்தப் பெயருக்குக் காதை நிமிர்த்தியது, மடங்கிய காதையும் சேர்த்து.

சோஃபாக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. வேறு நாய் என்று நினைத்துப் பேசுகிறார் போலிருக்கிறது என்று எண்ணினார். ஆனால் டாக்டரம்மா நேராகப் பின்தொடையைத்தான் புரட்டிப் பார்த்தார்.

"போன வாரம் ஊசி குத்தி எடுத்துப் பாத்தோம்ல, அது மாஸ்ட் செல் கட்டிதான். தோல்ல வர்ற புற்று. அமுக்கினா உள்ள இருக்கற சரக்கு கசிஞ்சு வீங்கும். அதான் ஏறி ஏறி இறங்குது. யாரும் அதைத் தொட வேணாம்னு மாஸ்டர்கிட்ட சொல்லியிருந்தேனே. மாத்திரையில கொஞ்சம் சுருங்கட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம்னேன். அவர்தான் யோசிச்சுச் சொல்றேன்னு போனார். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

புற்று என்ற சொல் ஒரு காதில் விழுந்தது. மாஸ்டர் என்ற சொல் மறு காதில் விழுந்தது. எது அதிகம் வலித்தது என்று கேட்டால், பாவம், அவரால் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

"தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் கடைக்கு எதிர்ப்பக்கம் போய், மூடிக்கிடந்த ஒரு கடைவாசலில் ஒதுங்கி நின்றார். சந்தில் மெத்தை காலியாக இருந்தது. படுத்த தடம்கூட இல்லை. வெயில் ஏறியபோது, "பழகுநர்" என்று முதுகில் பலகை மாட்டிய ஒரு சிறிய வெள்ளைக் கார் தட்டுத்தடுமாறி வந்தது. ஓட்டிய பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பருத்த மனிதர் ஒருவர், சட்டைப்பையில் கறுப்புக்கண்ணாடி செருகியவர், சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பின் ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, நாக்கைக் காற்றில் பறக்கவிட்டு, தம்பி.

அப்படியொரு முகத்தை அவர் தம்பியிடம் பார்த்ததே இல்லை. கடையில் அது தூங்கும், சோம்பல் முறிக்கும், மிஞ்சினால் வாலாட்டும். இங்கே ஊர்வலம் போகும் ராசா மாதிரி இருந்தது.

கார் நின்றது. மாஸ்டர் இறங்கிக் கதவைத் திறந்தார். "போய்ட்டு வாடா கிளட்ச்" என்றார். நாய் குதித்து இறங்கி, நேராகச் சோஃபாக் கடைக்கு, வேலைக்குப் போகிறவன் மாதிரி நடந்தது.

சோஃபாக்காரருக்கு வயிறு எரிந்தது. காவல் என்று நினைத்திருந்தார். கடை மூடியதும் இன்னொருவன் வீட்டுக்குப் போய்ப் படுத்து, காலையில் கார் சவாரி வந்து, அவர் செருப்பில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம். இதில் வீடு எது என்பதுதான் அவரைக் குடைந்தது.

அன்று முழுவதும் நாயோடு பேசவில்லை. நாய் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கிளட்ச்சா? நல்லாத்தாங்க இருக்கு பேரு."

"சிரி. நல்லாச் சிரி."

"சரி, அந்த மாஸ்டர்கிட்ட போய்ப் பேசுங்களேன். நோய் நாய்க்கு. உங்களுக்கில்ல."

"அவன்கிட்ட நான் எதுக்குப் பேசணும்? என் நாய்க்கு வைத்தியம் பாக்க எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு மருத்துவரிடம் நாயைக் கொண்டுபோனார். இதற்குமுன் எங்கேயாவது காட்டினீர்களா, ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று அந்த மருத்துவர் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினார். அந்த மருத்துவரும் ஊசி குத்திப் பார்த்தார், அதே பெயரைச் சொன்னார், கட்டியைச் சுருக்க மாத்திரை கொடுத்தார். சோஃபாக்காரர் மாத்திரையை வேகவைத்த முட்டைக்குள் ஒளித்து வைத்து, மதியம் தவறாமல் ஊட்டினார். தன் கையால் கொடுக்கும் மாத்திரையில்தான் அது பிழைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு. மாஸ்டர் வீட்டிலும் காலையில் ஒரு மாத்திரை உள்ளே போகிறது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததை நினைக்காமல் இருந்தார்.

நாய்க்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. கிண்ணத்தை நக்கித் தீர்த்துவிட்டு, துணி நனைக்க வைத்திருந்த வாளியில் தலையை விட்டது. மூச்சு வாங்கியது. அடக்கமாட்டாமல் கடைக்குள்ளேயே சிறுநீர் போனது, போய்விட்டு வெட்கத்தோடு பார்த்தது. ஒரு பகல், பாதி பிரித்த சோஃபாவுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்று வாந்தியெடுத்தது. கறுப்பாக, காப்பித்தூளைக் கரைத்தது மாதிரி இருந்தது. பிறகு கால் மடங்கி அதன் மேலேயே விழுந்தது.

சோஃபாக்காரர் ஷட்டரை இறக்கக்கூட நிற்கவில்லை. நாயை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறியவர், மறுகோடி மருத்துவரை மறந்தே போனார். கிட்டத்தில் இருந்தது டாக்டரம்மாதான்.

"என்ன கொடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா, நாக்கைத் தூக்கிப் பார்த்தபடி.

அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இதேதான் நான் மாஸ்டர்கிட்டயும் கொடுத்திருக்கேன். ரெண்டு பேரும் கொடுத்தீங்களா? வயிறு புண்ணாகி ரத்தம் கசியுது. தெரிஞ்சவன்னு சொன்னீங்களே, இதுதான் தெரிஞ்ச லட்சணமா?"

டாக்டரம்மா டிரிப்ஸ் ஏற்றிவிட்டு மாஸ்டருக்குப் போன் போட்டார். மாஸ்டர் யாரோ ஒரு பழகுநரை நடுத்தெருவில் இறக்கிவிட்டு, வெள்ளைக் காரில் பறந்து வந்தார். உள்ளே வந்தவர் மேசையில் கிடந்த நாயைப் பார்த்தார். பக்கத்தில் வாந்திக் கறையோடு நின்ற சட்டையைப் பார்த்தார். சட்டையில் ஒட்டியிருந்த நாரையும் பார்த்தார்.

"நீங்கதானா அது" என்றார்.

"எது?"

"சாயந்தரமானா என் பையன் முதுகுல நார் ஒட்டிட்டு வரும். பசை வாசனை அடிக்கும். தின்னுட்டு வந்திருப்பான், என் வீட்டுச் சாப்பாட்டை மோந்துகூடப் பாக்க மாட்டான். எவன்டா ஊட்டறான்னு வருஷக்கணக்கா எரிஞ்சிட்டிருக்கேன். ஒருநாள் பூரா கட்டிக்கூடப் போட்டேன். ஊளையிட்டு எங்கக்காவைத் தூங்கவிடல. அவிழ்த்துவிட்டேன்."

கட்டிப்போட்டும் நிற்கவில்லை, என்னிடம்தான் வந்திருக்கிறது. நாய் உயிருக்குப் போராடும் அந்த நேரத்திலும் சோஃபாக்காரர் மனத்தின் ஒரு மூலை அதைக் கேட்டுக் குதித்தது. உடனே தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

"நான்தான் கெடுத்தேன், மாஸ்டர். நீங்க கொடுக்கறீங்கன்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

மாஸ்டர் அடிப்பார் என்று எதிர்பார்த்தார். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆபரேஷனுக்கு நான் அன்னைக்கே சரின்னு சொல்லியிருந்தா, இந்த மாத்திரைக் கூத்து இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். காரில் சிரித்துச் சிரித்துப் பேசிய அந்த முகத்தில் இப்போது சிரிப்பே இல்லை.

நாய் தேறியது. வயிற்றுக்கு மருந்து கொடுத்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, டாக்டரம்மா இருவரையும் ஒருசேர உட்காரவைத்துப் பேசினார். அறுத்து எடுப்பதுதான் நல்லது என்றார். பெரிய நகரத்து மருத்துவமனைக்குப் போனால் கூடுதல் சோதனைகள் செய்வார்கள், ஆனால் இப்போதிருக்கும் உடம்புக்கு அந்தப் பயணம் ஆகாது என்றார். ஒன்றும் செய்யாமல் ஊசி மருந்திலேயே ஓட்டலாம், கட்டி ஒருநாள் உடையும் என்பதையும் மறைக்கவில்லை.

மாஸ்டர் தயங்கினார். அவருடைய முந்தைய நாய் மயக்க ஊசி போட்ட பிறகு எழுந்திருக்கவே இல்லை. "எங்கிட்ட இருக்கறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமே" என்றார்.

"உங்ககிட்ட இருக்கறவரைக்கும்னா?" என்று சோஃபாக்காரர் எகிறினார்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் டாக்டரம்மா. "கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தா பத்தாது. சுத்தி நல்ல தோலையும் சேர்த்து எடுக்கணும். நீங்க துணி வெட்டும்போது தையலுக்குன்னு ஓரம் விடுவீங்கல்ல, அந்த மாதிரி. அந்த ஓரம் சுத்தமா இருந்தா பயம் பெரும்பாலும் போச்சு. தள்ளிப்போட்டா கட்டி வளரும், அப்பறம் எடுக்கறதுக்குத் தோல் பத்தாது."

மாஸ்டர் கறுப்புக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், அறைக்குள்ளேயே. "சரி. பண்ணிடுங்க."

ஆபரேஷன் நாளன்று இருவரும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். கதவு திறந்து உள்ளே வரச் சொன்னபோது இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். நாய் கண்ணைப் பாதி திறந்திருந்தது. தொடையில் நீளமாகத் தையல்.

"தம்பி... டேய் தம்பி..."

"கிளட்ச்! இங்க பாருடா, நான் வந்திருக்கேன்."

நாய் இருவரையும் பார்க்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, மேசையைத் துடைக்க வந்த ஊழியப் பெண்ணின் கையை நக்கிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது. இரண்டு பேரும் அந்தப் பெண்ணை முறைத்தார்கள்.

அடுத்து எங்கே வைப்பது என்ற வழக்கு வந்தது. தையல் ஆறும்வரை நாய் தெருவில் இறங்கக்கூடாது, தூசு படக்கூடாது. சோஃபாக் கடையில் தூசுதான் முதலாளி. வாடகை வீட்டில் நாய் கூடாது. மாஸ்டர் வீடுதான் மிச்சம். ஆனால் மாஸ்டருக்குப் பகலெல்லாம் வகுப்பு, அவருடைய அக்காவுக்கு நாயைத் தூக்கித் திருப்ப முதுகு இடம் கொடுக்காது. ஆக, மாலை வரை சோஃபாக்காரர் மாஸ்டர் வீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவானது. முடிவு செய்தவர் டாக்டரம்மா.

முதல்நாள் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் சோஃபாக்காரர் நின்றுவிட்டார். கூடத்தில் கிடந்த பச்சை சோஃபா அவர் கைவேலை. அக்கா எப்போதோ கடையில் சொல்லிச் செய்து, ஆள் விட்டு எடுத்துவரச் செய்தது. அதன் ஒரு மூலை மட்டும் குழிந்து, பழுப்பு ரோமம் அப்பிக் கிடந்தது.

"அங்கதான் படுப்பான்" என்றார் அக்கா. "எத்தனை விரட்டினாலும் அந்த மூலைதான்."

சந்தில் தான் போட்ட மெத்தையை நினைத்துக்கொண்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து அந்தக் குழியைக் கையால் தடவி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

அங்கே உட்கார்ந்திருப்பது லேசாக இல்லை. நாயின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தது. காயத்தைத் துடைத்தார், மருந்து வைத்தார், பின்பக்கம் துண்டால் தாங்கிப் புழக்கடைக்கு நடத்திக் கூட்டிப்போனார். அது அவர் கையை நக்கும், மடியில் தலை வைக்கும். ஆனால் மாலையில் தெருமுனையில் அந்தக் கார் சத்தம் கேட்டால் போதும். மற்ற எந்தக் காருக்கும் அசையாத நாய், கூம்பு சோஃபாவில் இடிக்க இடிக்க எழுந்து வாசலைப் பார்த்து நிற்கும், உடம்பெல்லாம் நடுங்கும். மாஸ்டர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் கூம்புக்குள் முகத்தை விட்டுக் கொஞ்சுவார். சோஃபாக்காரர் செருப்பைத் தேடுவார். நாள்முழுக்கத் துடைத்தவன் ஒருவன், கொஞ்சுகிறவன் இன்னொருவன் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

ஒரு காலை அவர் கதவைத் தட்டும் முன்பே அக்கா திறந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தினம் கொஞ்சம் சீக்கிரமா வர முடியுமா?"

"ஏங்க, நான் இல்லாதப்ப ஏதாவது தொந்தரவு பண்றானா?"

"தொந்தரவு நாயால இல்ல, எந்தம்பியால. நீங்க வர்ற நேரம் நெருங்கினா இது போய்க் கதவுகிட்ட நின்னுக்குது. சாப்பாடு வெச்சா திரும்பிப் பாக்கறதில்ல. எந்தம்பி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, 'அந்தாள் வரட்டும், அவனே ஊட்டட்டும்'னு தட்டைத் தள்ளிட்டுப் போறான். காலங்காத்தால ரெண்டு பேரையும் என்னால சமாதானப்படுத்த முடியல."

சோஃபாக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நாய் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தது. கூம்பு அவர் முழங்காலில் இடித்தது. குனிந்து அதன் காதைச் சொறிந்தார். அன்று மாலை வீட்டில் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று கேட்ட மனைவியிடம், "மாஸ்டருக்கு வயித்தெரிச்சலாம்" என்று ஆனந்தமாகச் சொன்னார்.

சோதனைக்கு அனுப்பிய தோலின் முடிவு வந்தது. ஓரம் சுத்தம். வீரியம் குறைந்த வகை. ஆனால் இந்த வகைக் கட்டி உள்ள நாய்க்கு உடம்பில் வேறெங்காவது புதிதாக முளைக்கலாம், அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள், சந்தேகம் வந்தால் அமுக்காமல் கொண்டுவாருங்கள் என்று டாக்டரம்மா இருவருக்கும் சொல்லி அனுப்பினார்.

கூம்பைக் கழற்றிய நாய் பழையபடி இரண்டு இடத்துக்கும் போய்வர ஆரம்பித்தது. மதியம் பகிர்ந்த சாப்பாடு, காலையில் கார் சவாரி, எதையும் விடவில்லை. இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மருந்து கொடுப்பதென்றால் மட்டும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டார்கள். சோஃபாக்காரர் கடையில் தினமும் வேலையை நிறுத்திவிட்டு நாயை மல்லாத்தி, அக்குள், வயிறு, விரலிடுக்கு என்று சோதித்தார். சிகிச்சை விஷயத்தில் இனி மாஸ்டருக்கு ஒரு படி முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம்.

ஒருநாள் அகப்பட்டது. நிமிர்ந்த காதுக்குக் கீழே, அரிசி அளவு. பயந்துபோனார். கூடவே, கண்டுபிடித்தது தான்தான் என்ற நினைப்பும் வந்தது. உடனே போன் போட்டார்.

"மாஸ்டர், காதுக்குக் கீழ ஒண்ணு இருக்கு. புதுசு."

"வலது காதா?"

"ஆமா."

"சின்னதா, கறுப்பா?"

"ஆமா."

"அது மரு. நேத்து சாயந்தரமே பாத்துட்டேன். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டியும் ஆச்சு. ஒண்ணும் இல்லைனுட்டாங்க."

சோஃபாக்காரர் நிம்மதியில் பிரித்துப் போட்டிருந்த சோஃபாச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்தார். நாய் வந்து செருப்பில் தலையை வைத்துக்கொண்டது.

"அப்ப எனக்கு நேத்தே சொல்றதுக்கென்ன?" என்றார்.

மறுமுனையில் மாஸ்டர் சிரிக்கும் சத்தம் கேட்டது.